ஈப்பர் போர் நினைவிடங்களுக்கு இளைஞர் குழுவை அழைத்துப் போகிறீர்களா?

முதல் உலகப் போரின் களமாயிருந்த பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் ஒரே நாளில் பத்து இடம் என்று திட்டம் போடாதீர்கள், மூன்றாவது கல்லறைத் தோட்டத்திலேயே கண்கள் செல்போனுக்குப் போய்விடும்.

கிளம்பும் முன்பே ஆளுக்கு ஒரு வீரரின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் கல்லறையின் பகுதி, வரிசை, எண் எல்லாம் கிடைக்கும். ஈப்பருக்கு அருகிலுள்ள டைன் காட் (Tyne Cot) கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 12,000 கல்லறைகள், இந்தக் குறிப்பு இல்லாமல் தேடினால் பொழுது அங்கேயே முடிந்துவிடும். அவற்றில் 8,000க்கும் மேற்பட்டவற்றில் பெயரே கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெரும்போரின் ஒரு வீரர்' என்று மட்டும் செதுக்கியிருக்கும் கல்லின் முன்னால் நிற்கும்போது நீங்கள் விளக்கம் சொல்லாமல் இருப்பதே நல்லது (ஆசிரியர்களுக்கு இது கஷ்டம்தான்).

லாங்கமார்க்கில் இருக்கும் ஜெர்மன் கல்லறைத் தோட்டத்தையும் விடாதீர்கள். எதிரணியிலும் இதே வயதுப் பையன்கள்தானே.

அப்புறம் மெனின் வாயில் (Menin Gate), ஈப்பரில் இருக்கும் போர் நினைவு வளைவு. தினமும் இரவு 8 மணிக்கு அஞ்சலி எக்காளம் ஊதுவார்கள், ஏழேகாலுக்கே போனால்தான் முன்னால் நிற்க இடம் கிடைக்கும். குழுவாக மலர்வளையம் வைக்க முன்பதிவு வேண்டும். எக்காளம் ஓய்ந்ததும் யாரும் கை தட்டக்கூடாது, இதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.