சிறிய போர்க்கப்பல்: வடிவமைப்பிலும் ஆயுதத் தேர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்வெட், ஏவுகணைப் படகு போன்ற சிறிய போர்க்கப்பல்கள் என்றாலே பலரும் முதலில் பார்ப்பது ஆயுதப் பட்டியலைத்தான். வடிவமைப்பாளர்களும் அதில் மயங்கியிருக்கிறார்கள். நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டிய 1930 லண்டன் ஒப்பந்தம் 600 டன்னுக்குக் குறைவான கப்பல்களுக்கு வரம்பு விதிக்கவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஜப்பான் 'தொமோசுரு' என்ற சிறு கப்பலில் பெரிய நாசகாரிக் கப்பலுக்கு உரிய 12.7 செ.மீ. பீரங்கிகள் மூன்றையும் நீருக்கடியில் பாயும் குண்டான டார்பிடோவை ஏவும் குழாய்கள் நான்கையும் ஏற்றியது. 1934 மார்ச் 12 அன்று சசெபோ அருகே புயலில் அது கவிழ்ந்தது. 100 பேர் இறந்தார்கள். பிறகு அந்த வகைக் கப்பல்களில் பீரங்கியைச் சிறிதாக்கி, டார்பிடோ குழாய்களைப் பாதியாக்கி, அடியில் பாரம் சேர்த்தார்கள்.

இன்றும் ஆபத்து அதேதான். ரேடார் உயரத்தில் இருந்தால்தான் தொலைவு தெரியும். ஆனால் மேலே ஏறும் ஒவ்வொரு டன்னும் கப்பல் நிமிரும் வலுவைக் குறைக்கிறது.

அடுத்தது வேக மோகம். வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு இஞ்சின் சக்தி வேண்டும். இடம், எடை, எரிபொருள் எல்லாம் அதற்கே போய்விடும். அமெரிக்காவின் எல்.சி.எஸ். எனப்படும் கரையோரப் போர்க்கப்பல்கள் 40 நாட் (மணிக்கு சுமார் 74 கி.மீ.) வேகத்தை இலக்காகக் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றில் 'ஃப்ரீடம்' வகையில் டீசல் இஞ்சினையும் கேஸ் டர்பைனையும் இணைக்கும் கியர் தொடர்ந்து தொல்லை கொடுத்தது. அந்த வகையில் 2018 நவம்பரில் பணியில் சேர்ந்த 'சூ சிட்டி' 2023 ஆகஸ்டிலேயே ஓய்வு பெற்றது. ஒலி வேகத்தை ஒட்டி வரும் ஏவுகணைக்கு முன்னால் 40 நாட் எந்த மூலைக்கு?

அப்புறம், 'பிறகு பொருத்திக்கொள்ளலாம்' என்ற சமாதானம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டப்பட்ட ஐ.என்.எஸ். கமோர்த்தா 2014 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்தபோது, அதில் இழுவை சோனாரும் (கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் இழுத்து, ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) இல்லை, வான் பாதுகாப்பு ஏவுகணையும் இல்லை. வெப்பக் கடலில் மேல்நீருக்கும் அடிக்குளிர் நீருக்கும் நடுவே ஒலி வளைந்துவிடும். கப்பலின் அடிவயிற்றில் உள்ள சோனாருக்கு, அந்த அடுக்குக்குக் கீழே பதுங்கும் நீர்மூழ்கி எளிதில் அகப்படாது. கயிற்றில் ஆழமாக இறக்கும் சோனார் அங்கே ஆடம்பரமல்ல, கப்பலின் வேலையே அதை நம்பித்தான் இருக்கிறது.

கருவி இருந்தாலும் போதாது. 2006 ஜூலை 14 அன்று பெய்ரூட் கடலில் இஸ்ரேலின் 'ஹனித்' போர்க்கப்பல் மீது ஏவுகணை பாய்ந்து நான்கு மாலுமிகள் இறந்தபோது, அதன் பராக் ஏவுகணைத் தற்காப்பு இயங்கும் நிலையில் இல்லை. எதிரியான ஹிஸ்புல்லாவிடம் அப்படியொரு ஆயுதம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆள் குறைந்த கப்பலில் இரவு பகலாகக் கண்காணிப்பைத் தாங்குவது கடினம். அதனால் தற்காப்பைத் தானியங்கியாக ஓடவிடும் ஏற்பாடு வரைபடத்திலேயே வேண்டும்.

புதிய ஆபத்து நீர்மட்டத்தில் வருகிறது. 2024 பிப்ரவரி தொடக்கத்தில் ரஷ்யாவின் ஏவுகணைக் கப்பல் 'இவானோவெத்ஸ்' கிரிமியாவில் உக்ரைனின் ஆளில்லாப் படகுகளால் இரவில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இரண்டு ஏ.கே.-630 விரைவுத் துப்பாக்கிகள் இருந்தும் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. இனி கட்டும் கப்பல்களில், நான்கு திசையையும் மறைவின்றிப் பார்க்கும் வெப்பக் கேமராக்களும், உள்ளிருந்தே இயக்கும் இயந்திரத் துப்பாக்கிகளும் முதல் வரைபடத்திலேயே இடம் பிடிக்க வேண்டும். அதற்காகக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளில் இரண்டைக் குறைத்தாலும் பரவாயில்லை.