டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூரத்தைத் தேடி எடுத்து, விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ சுமார் 12,400 கி.மீ. வகுத்தால் 13 மணி 45 நிமிடம் வரும். உண்மையான பயணம் பெரும்பாலும் அதைவிட நீளம்.

அந்த 12,400 உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். தட்டையான சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டால் பசிபிக்கைக் கடந்து 15,000 கி.மீ. போல வரும், அந்தக் கணக்கை நம்பவே வேண்டாம். பூகோள உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் சைபீரியாவுக்கு மேலே ஏறி, 75 டிகிரி வட அட்சரேகையைத் தொட்டுவிட்டு இறங்கும்.

ஆனால் விமானம் நூல் போன வழியே போவதில்லை. டெல்லிக்கு வடக்கே திபெத் பீடபூமி. கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் விமானம் உடனே 10,000 அடி அளவுக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது. வான்வெளித் தடைகள் வேறு. 2022 முதல் அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்யா வழி இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஆகவே பழைய பயண நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பது அடுத்த தவறு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்தத் தடத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 ஆனது. நேரமோ ஏறத்தாழ 2 மணி குறைந்து 14.5 மணி ஆனது! வகுத்துப் பாருங்கள்: தரையைப் பொறுத்து மணிக்கு 1,050 கி.மீ.க்கு மேல். காரணம், மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வேகமாக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று; பசிபிக் வழியில் கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுவாக இருக்கும். பூமி சுழல்வதால்தான் இந்த வேறுபாடு என்று சிலர் சொல்வது சரியல்ல. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். உதாரணமாக, டெல்லியில் அதிகாலை 4:00 புறப்பாடு, சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதி காலை 6:00 வருகை என்று இருந்தால் பயணம் 2 மணி நேரமல்ல. ஜனவரியில் இரண்டு ஊர் நேரங்களுக்கும் இடைவெளி 13 மணி 30 நிமிடம், ஆகவே பயணம் 15 மணி 30 நிமிடம். ஜூலையில் இடைவெளி 12 மணி 30 நிமிடம்தான், அதே டிக்கெட் 14 மணி 30 நிமிடம் ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் வரும் வித்தியாசம் இது. இரண்டு நேரங்களையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றிவிட்டுக் கழித்தால் குழப்பம் வராது.

அந்த 15 மணி 30 நிமிடமும் முழுக்க வானத்தில் கழிவதல்ல. நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் மறுபடி நிறுத்துமிடத்தில் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்குப் போய்ச் சேரவே 20, 30 நிமிடம் ஆகலாம்.

மைல் கணக்கிலும் கவனம் தேவை. விமானத் துறையில் மைல் என்றால் பெரும்பாலும் கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. இந்தத் தடத்தின் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 6,690 கடல் மைல். அதைச் சாலை மைலாக எண்ணி 1.609ஆல் பெருக்கினால் 1,600 கி.மீ. காணாமல் போய்விடும்.