சிப்பியைப் பார்த்துப் பசை செய்வோர் விடும் பிழைகள்

மட்டக்களப்பு வாவியில் நாட்பட ஊறிய கம்பிலோ வள்ளத்தின் அடியிலோ கொட்டலசு (ஓடுடைய சிறு கடலுயிர்) பிடித்தால் சுரண்டுவது எவ்வளவு பாடு என்று மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பிடியைப் பசையாக்கிப் பார்க்க விரும்பும் மாணவர்கள் பசையின் பலத்தையே யோசிக்கிறார்கள். பரப்பில் அவர்களுக்கு முன்பே குந்தியிருக்கும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள்.

ஈரக் கல்லின் மேல் மெல்லிய நீர்ப்படலமும் உப்பு அயன்களும் இருக்கும். அதை விலக்காத பசை கல்லைத் தொடுவதேயில்லை. கொட்டலசின் குடம்பி, அதாவது அதன் இளம் பருவ உயிர், முதலில் கொழுப்பைச் சுரந்து நீரை ஒதுக்கும், புரதம் பிறகுதான் பிடிக்கும். கல்லில் ஒட்டி வாழும் மஸல் சிப்பியின் பசையில் டோபா என்ற அமினோ அமிலம் இருப்பதை ஆய்வாளர் ஹேர்பேட் வெயிற் 1981இல் எழுதினார். அன்றிலிருந்து பலரும் டோபாவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் நிற்கும் லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலந்தான் உப்பு அயன்களைத் தள்ளி டோபாவுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. அதை விட்டால் பாதி வேலை போச்சு.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கும் அல்லவா? அதிலுள்ள, டோபாவை ஒத்த டோபமைன் காற்றுப்பட்டுக் குயினோன் என்ற வேறு பொருளாக மாறுவதால் தொடங்கும் நிறம் அது. டோபாவுக்கும் இதே கதிதான். கடல்நீரின் பீஎச் 8க்குச் சற்று மேல். அந்தக் காரத்தில் மாற்றம் விரைவாகும், கல்லைப் பிடிக்கும் வலு குறையும். சிப்பி தன் பாதத்தைக் கல்லில் அழுத்தி, உள்ளே அமிலத்தன்மையை வைத்துக்கொண்டுதான் பசையைச் சுரக்கிறது. கந்தகமுள்ள ஒரு புரதம் டோபாவைக் காக்கவும் செய்கிறது. ஆனால் குயினோனை முழுக்கத் தடுத்தாலும் பிழைதான், பசை தனக்குள் இறுகுவதற்கு அதில் கொஞ்சம் வேண்டும். முதலில் பிடி, பிறகு இறுக்கம்: இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

பல்லியின் காலைப் பின்பற்றுவோருக்கு ஒரு சொல்: நனைந்த கண்ணாடியில் அதுவும் வழுக்கும்.

சோதனையில் நடக்கும் பிழை எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உலர்ந்த தகட்டில் ஒட்டிக் காயவைத்து, பிறகு வாளியில் போட்டு, "தண்ணீருக்குள் ஒட்டுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அது நீரைத் தாங்கும் பசை, அவ்வளவே. பூசுவதும் அழுத்துவதும் தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும். அதுவும் காய்ச்சி வடித்த நீரில் அல்ல. மாரியில் வெள்ளம் வந்தால் வாவி நீரின் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். இரண்டு காலத்து நீரையும் எடுத்துப் பாருங்கள்.

பிய்ந்த தகடுகளைக் கழுவி எறியாதீர்கள். இரு பக்கமும் பசை மிஞ்சியிருந்தால் பசை தனக்குள் கிழிந்திருக்கிறது. ஒரு பக்கம் துடைத்ததுபோல் இருந்தால் அந்தப் பரப்பை அது பிடிக்கவேயில்லை.