புதுப் பதிப்பு வாங்கலாமா?

சுங்கை சிப்புட்டில் வீட்டுப் பயிற்சிக்கு பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற இசை மென்பொருளின் பழைய பதிப்புதான் எனக்குப் பக்கவாத்தியம். பாட்டின் கார்டுகளை (chords, சுரக்கூட்டுகள்) தட்டச்சு செய்தால் டிரம்ஸ், பேஸ், பியானோ சேர்ந்து வரும். புதுசில் ரியல்டிராக்ஸ் நிறைய: நிஜக் கலைஞர்கள் வாசித்த பதிவுகள். ஆசைதான், ஆனால் வன்தட்டு இடத்தை விழுங்கும். என் மடிக்கணினி தாங்காது.

பழைய பதிப்பில் உறுத்தியது சத்தம் மட்டுமே. மிடியை, அதாவது எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்ற குறிப்புகளை, ஒலிக்கவைத்தது கணினியோடு வரும் அடிப்படை சின்த் (ஒலியாக்கி). அதில் வயலின் கொசு மாதிரி ரீங்கரிக்கும். அதற்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் வர்ச்சுவல்மிடிசின்த் என்ற இன்னொரு சின்த்தை நிறுவினேன். நல்ல எஸ்எஃப்2 சவுண்ட்ஃபாண்ட் (வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்பு) ஒன்றை அதில் ஏற்றி, மென்பொருளின் மிடி அவுட்புட்டை அதற்கு மாற்றினேன். பேஸ் கணீரென்று எழுந்தது.

"யாரு தம்பி, ஆள் வச்சு வாசிக்கிறியா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

புதுப் பதிப்பு வேண்டாம். மிச்சமான ரிங்கிட்டில் கீபோர்டுக்கு நல்ல சஸ்டெயின் பெடல் (சுரத்தை நீட்டிக்கும் மிதி) வாங்கப்போகிறேன். பழசு வழுக்கிக்கொண்டே ஓடுகிறது.