ஃபோர்க்லிஃப்ட் தூக்கவில்லையா? பம்ப்பைக் கழற்றும் முன்

சுமையோடு ஏறிய ஃபோர்க் (சுமையைத் தாங்கும் இரும்புக் கரங்கள்) பாதியில் நின்றுவிட்டால், ஆயிலை அழுத்தித் தள்ளும் "பம்ப் போய்விட்டது" என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இருப்பதிலேயே விலை கூடிய பாகத்தின் மேல் முதலில் பழி போடுவது ஏனோ நம் பட்டறைகளின் வழக்கம்.

நான் பார்த்த 3 டன் டீசல் வண்டி ஒன்றில் புதுப் பம்ப் மாட்டிய பிறகும் பழைய பம்ப்பில் கேட்ட அதே முனகல். ஃபோர்க் விட்டுவிட்டுத்தான் ஏறியது. டேங்க் மூடியைத் திறந்தால், கடைந்த மோர் போல ஆயில் மேல் நுரை. டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு ஆயில் போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. வண்டி ஓடும்போது அந்த இடுக்கு வழியே காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லாததால் அங்கே யாரும் கை வைக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு சுற்று முடுக்கியதும் முனகல் அடங்கியது. கழற்றிப்போட்ட பழைய பம்ப் பாவம், ஒரு குற்றமும் செய்யாதது. டேங்க்குக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடை அடைத்துக்கொண்டாலும் இதே முனகல் வரும்.

ஆயில் அளவு பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) மேலே இருக்கும்போது ஆயிலில் கணிசமான பகுதி தூக்கும் சிலிண்டருக்குள் இருக்கும். அப்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றினால், இறக்கியதும் டேங்க் வழியும். ஃபோர்க்கைத் தரையில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றால், ஆயில் குறைவு என்றே முதலில் சந்தேகப்படலாம்.

பேட்டரி வண்டியா? எதையும் கழற்றும் முன் சார்ஜைப் பாருங்கள். சார்ஜ் இறங்கியதும் பல மாடல்கள் தூக்குவதை மட்டும் நிறுத்திவிட்டு, ஓட அனுமதிக்கும்.

ஆயில் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் திருகை அழுத்தமானி இல்லாமல் முடுக்குவதை நான் மன்னிப்பதில்லை. அன்றைக்கு வண்டி தூக்கும். பிறகு ஹோஸ் வெடிக்கும், அல்லது அளவுக்கு மீறிய சுமையில் பின்சக்கரம் எழும்பும்.

தூக்கிய சுமை தானாக இறங்கினால் உடனே சிலிண்டரில் ஆயில் கசியாமல் தடுக்கும் பேக்கிங்கை மாற்றிவிடுகிறார்கள். கன்ட்ரோல் வால்வுக்குள் ஆயிலின் வழியைத் திறந்து மூடும் தண்டான ஸ்பூல் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான் இறங்கும். சுண்ணக்கட்டியால் மாஸ்டில் கோடு போட்டு 10 நிமிடம் கவனியுங்கள். 100 மில்லிமீட்டர் என்பது தர விதிகளின் எல்லை. அதைத் தாண்டினால் இரண்டையும் சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் சுமைக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது.

ஹோஸில் கசிவை விரலால் தடவித் தேடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. நுண்துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எஞ்சினை நிறுத்துங்கள், ஃபோர்க்கை இறக்கி அழுத்தத்தை விடுங்கள். ஓட்டித்தான் பார்த்தாக வேண்டுமென்றால் அட்டைத்துண்டை நீட்டுங்கள், ஈரம் தானே காட்டிக்கொடுக்கும். விரலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கட்டுப் போட்டு அனுப்பிவிடக்கூடும்.