வழுக்கினாரா, பின்வாங்கினாரா? பழைய நிலைக்குச் சரிவதை எழுதும்போது வரும் பிழைகள்

விட்ட பழக்கத்துக்கே ஒருவர் மறுபடி போய்விட்டதை எழுதும்போது பலர் 'பின்வாங்கினார்' என்கிறார்கள். பின்வாங்குவது தெரிந்தே செய்வது. படை பின்வாங்கும், சம்பந்தம் பேசிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள். 'மது மறுவாழ்விலிருந்து பின்வாங்கினார்' என்றால், சிகிச்சையே வேண்டாம் என்று எழுந்து போனார் என்றுதான் படும். 'பின்னடைவு' இதற்கு நேரெதிர்: வெளியிலிருந்து வந்து சேருவது. தேர்தலில் பின்னடைவு, உடல்நிலையில் பின்னடைவு. இரண்டும் இங்கே பொருந்தாது.

அடுத்த பிழை, வழுக்கு, சறுக்கு, நழுவு மூன்றையும் ஒன்றாக நினைப்பது. வழுக்குவதில் குற்றம் தரையுடையது: திருகோணமலையில் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் ஈரத் தரை வழுக்கும், கோணேசர் மலையடியில் பாசி பிடித்த பாறை வழுக்கும். சறுக்குவதற்குச் சரிவு வேண்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதால், ஒருவரைச் 'சறுக்கினார்' என்றால் பாதி மன்னித்தாயிற்று. நழுவுவதோ வேறு ரகம். கைப்பொருள் நழுவினால் தற்செயல், ஆள் நழுவினால் தந்திரம்.

இம்மூன்றிலும் 'பின்னோக்கி' என்ற பொருளே இல்லை. திசையை நாம்தான் சேர்க்கவேண்டும்: 'பழைய பழக்கத்துக்கே மறுபடி சறுக்கினார்'. 'பழையபடி குடிக்கத் தொடங்கிவிட்டார்' இன்னும் நல்லது. 'பின்சறுக்கல்' என்று புதிதாகக் கட்டத் தேவையில்லை. 'மீள்' என்ற வினையில் மட்டும் கவனம்: போதையிலிருந்து மீண்டார் என்றால் தப்பினார், போதைக்கு மீண்டார் என்றால் விழுந்தார். உருபைத் தவறவிட்டால் செய்தியே தலைகீழாகும்.

தேவாலயப் பிரசங்கங்களில், விசுவாசத்தைவிட்டு விலகிப் பழைய வாழ்வுக்கே போவதற்குப் 'பின்மாற்றம்' என்ற சொல் கேட்கிறது. ஆங்கிலத்தில் இதற்குள்ள 'பேக்ஸ்லைட்' 16ஆம் நூற்றாண்டுச் சொல். 1611இன் ஜேம்ஸ் மன்னர் வேதாகமம் எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் அதைக் கையாண்டது. அதை வைத்து, தீர்க்கதரிசி சறுக்கும் பாதையைச் சொன்னார் என்று விளக்குவது தவறு. எபிரேயச் சொல் 'மெஷூபா'. 'ஷூப்', அதாவது 'திரும்பு', அதன் வேர். விலகிப் போவதற்கும் திரும்பி வருவதற்கும் அதே வேர்தான். எரேமியா 3:22இல் தமிழ் வேதாகமம் 'சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள்' என்கிறது. சொல் விளையாட்டு போய்விட்டது, ஆனால் இல்லாத சறுக்கல் உள்ளே வரவில்லை. மூலத்துக்குப் 'பின்மாற்றம்' ஆங்கிலத்தைவிடக் கிட்ட நிற்கிறது என்றே சொல்லலாம். வழுக்கும் படிமம் உண்மையில் இருப்பது நோயோ பழக்கமோ திரும்பி வருவதற்கு மருத்துவர் சொல்லும் 'ரிலாப்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில்: லத்தீன் 'லாபி' என்றால் வழுக்குதல்.

குறளில் மாணவர் அடிக்கடி தடுக்குவது 415இல்.

இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே
ஒழுக்க முடையார்வாய்ச் சொல்

இங்கே 'இழுக்கல்' கயிறு இழுப்பதல்ல. வழுக்கலையுடைய சேற்று நிலம் என்றுதான் பரிமேலழகர் உரை எழுதுகிறார். 'இழுக்கு' பழி என்று ஆனதும், 'வழு' இலக்கணத்தில் பிழை என்று ஆனதும் இதே வழியில்தான். நன்னூல் திணை முதல் மரபு வரை ஏழு வழுக்களைச் சொல்லும்.

எழுத்திலும் இடறவேண்டாம். நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பதால் 'வளுக்கி விழுந்தார்' என்றே எழுதிவிடுகிறார்கள். 'வலுவான வாதம்' உறுதியானது, 'வழுவான வாதம்' பிழையானது. 'சறுக்கல்' வல்லின றகரம். 'சருக்கம்' காப்பியத்தின் பிரிவு.