நகருக்குள் வந்துவிட்ட ஏரியைக் காக்கும் வழிமுறை

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, பாசனத்துக்காக வெட்டப்பட்ட பல ஏரிகளும் நகர எல்லைக்குள் வந்தன. ஆயக்கட்டு, அதாவது ஏரி நீரால் பாசனம் பெற்ற நிலம், வீட்டுமனைகளாகிவிட்ட ஏரியில் மதகைப் பார்க்கவும் வரத்துக்கால்வாயைத் தூர்வாரவும் விவசாயிகள் இல்லாததால், அந்தக் கவனிப்பைக் குடியிருப்போர் நலச்சங்கமும் வார்டு உறுப்பினரும் ஏற்க வேண்டும்.

முதல் வேலை ஆவணம் திரட்டுவது. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பழைய கிராம வரைபடத்தையும், சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டின் நகலையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் பெறுங்கள். அலுவலகம் தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். நகர நில அளவையில் சர்வே எண்கள் மாறியிருக்கும் என்பதால், பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் கேட்டு வாங்குவது அவசியம். வாய்க்கால் புறம்போக்கு எங்கே காணாமற்போனது என்பது பெரும்பாலும் இந்த ஒப்பீட்டில்தான் தெரியவரும்.

பிறகு அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மேல் ஏரியின் கலங்கலிலிருந்து (ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழியும் இடம்) உங்கள் ஏரி வரையிலும், அங்கிருந்து உபரிநீர் சேரும் அடுத்த ஏரி வரையிலும் நடந்து பாருங்கள். இதைக் கோடையில் செய்வதே நல்லது, ஏனெனில் மழையில்லாத மே மாதத்திலும் வாய்க்காலில் நீர் ஓடினால் அது அநேகமாகக் கழிவுநீரே. எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்பதையும் அப்போது எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கலங்கலின் மட்டம் உடைத்துக் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மட்டம் தாழ்ந்தால் நீர்பரப்பு சுருங்கும், காய்ந்த நிலத்தில் ஆக்கிரமிப்பு ஏறும்.

கண்டவற்றைப் படத்துடனும் சர்வே எண்ணுடனும் வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் முன்வைத்து, தீர்மானமாகப் பதிவுசெய்யக் கோருங்கள். ஏரி நீர்வளத் துறையின் (முன்பு பொதுப்பணித் துறை) பொறுப்பில் இருந்தால், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அளந்து எல்லைக்கல் நடுமாறு எழுத்தில் கேளுங்கள். குடிசைகளை மட்டும் அகற்றிவிட்டு, வாய்க்காலை மறித்த பெரிய மதில்களை விட்டுவைப்பது அநீதி. நீரோட்டத்துக்கும் அதனால் பயனில்லை.

அழகுபடுத்தும் திட்டம் வந்தால், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே வரைபடத்தைக் கேட்டு, நடைபாதை கரையின் மேல் அமைகிறதா, நீர்பரப்புக்குள் மண் கொட்டி அமைகிறதா என்று சரிபாருங்கள். உள்ளே அமைந்தால் ஏரியின் கொள்ளளவு குறையும் என்பதால், மண் இறங்குவதற்குள் ஆட்சேபம் எழுத்தில் சேர்ந்துவிட வேண்டும்.